தூங்கிய சிறுவனின் மனம் எங்கே போனது?

மனமும் மூளையும் ஒன்றுதானா? படித்த மேதைகள் பல காலமாக மோதிக்கொள்ளும் கேள்வி இது. திண்டுக்கல்லில் ஒரு சிறுவன் தூங்கிய கதையைக் கேட்டால், இந்தக் கேள்வி நமக்கும் விளங்கிவிடும்.

1891-ம் ஆண்டு வாக்கில் நடந்தது இது. திண்டுக்கல் அப்போது மதுரை ஜில்லாவைச் சேர்ந்த ஊர். அங்கே சுப்பையர் என்பவர் உத்தியோகம் பார்த்தார். அவருடைய அண்ணன் மகன் வேங்கடராமன், திருச்சுழியில் பிறந்தவன். வயது 11. சித்தப்பா வீட்டில் தங்கிப் பள்ளிக்கூடம் போய் வந்தான்.

ஒரு நாள் வீட்டில் விசேஷம். இரவில் எல்லோரும் கோவிலுக்குப் போய்விட்டார்கள். தனியாக இருந்த சிறுவன் கொஞ்ச நேரம் படித்தான். பிறகு கதவைத் தாழிட்டான். ஜன்னல்களைச் சாத்தினான். படுத்துத் தூங்கிவிட்டான்.

கோவிலுக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். கதவைத் தட்டினார்கள். கூப்பிட்டார்கள். கத்தினார்கள். உள்ளே சத்தமே இல்லை!

கடைசியில் எதிர்வீட்டிலிருந்து ஒரு சாவி வாங்கி வந்து கதவைத் திறந்தார்கள். கதவு திறந்தது, பையனின் கண் திறக்கவில்லை. உலுக்கினார்கள். அடித்தார்கள். வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் ஆசை தீர அடித்தார்கள். அப்போதும் அவன் எழுந்திருக்கவில்லை. மறுநாள் காலையில் மற்றவர்கள் சொன்ன பிறகுதான், தான் அடி வாங்கிய சங்கதியே அவனுக்குத் தெரியும்!

அந்தச் சிறுவன்தான் பிற்காலத்தில் திருவண்ணாமலையில் வாழ்ந்த ரமண மகரிஷி. இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னவரும் அவரேதான்.

டாக்டர் சொல்லும் காரணம்

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை என்பார்கள் டாக்டர்கள்.

நம் மூளையில் எப்போதும் மிகச் சிறிய மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. மண்டையின்மேல் கம்பிகளைப் பொருத்தி அதை முதலில் பதிவு செய்தவர் ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மன் டாக்டர். ஆண்டு 1924. விழித்திருக்கும்போது அந்த மின்சார அலை சின்னச் சின்னதாக, வேகமாக ஓடும். ஆழ்ந்த தூக்கத்தில் பெரிய பெரிய அலையாக, மெதுவாக எழுந்து விழும். இந்த ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் இரவின் முற்பகுதியில்தான் வரும். பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு மிக அதிகம். வீட்டில் தீப்பிடித்தால் அலறும் மணிச் சத்தத்துக்குக்கூட எழாத பிள்ளைகள் உண்டு.

(கூப்பிட்டும் எழாத பிள்ளையைத் 'திமிர்' என்று அடிக்கும் தாய்தகப்பன்மார் இதைக் கவனிக்க வேண்டும்!)

மூளை ஓய்ந்துவிடுவதும் இல்லை. இடிச் சத்தத்துக்கு எழாத தாய், தொட்டில் குழந்தை லேசாக முனகினால் எழுந்துவிடுகிறாள். அவள் தூங்குகிறாள், ஆனாலும் எதைக் கேட்டு எழுவது, எதை விடுவது என்று உள்ளே ஏதோ ஒன்று தரம் பிரிக்கிறது.

அப்படியானால் மனம் என்பது மூளையின் வேலை. மூளை ஒரு விதமாக வேலை செய்தால் விழிப்பு. வேறு விதமாக வேலை செய்தால் தூக்கம். திண்டுக்கல் பூட்டையே பாருங்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு அது. அதைக் கழற்றினால் உள்ளே தகடு இருக்கும், லீவர் இருக்கும். 'பூட்டுதல்' என்ற சாமான் இருக்காது. ஆனால் அந்தத் தகடும் லீவரும் இல்லாமல் பூட்டுதலும் கிடையாது. மனமும் அப்படித்தான் என்பது அவர்கள் கட்சி.

அதற்குச் சென்னையிலேயே சாட்சி உண்டு. 1960-களில் டாக்டர் பாலசுப்பிரமணியம், டாக்டர் கனகா, டாக்டர் ராமமூர்த்தி ஆகியோர், அடக்க முடியாத ஆவேசம் கொண்ட நோயாளிகளுக்கு மூளையில் ஆபரேஷன் செய்தார்கள். பாதாம்பருப்பு அளவே உள்ள ஓர் இடத்தில் சிறு பகுதியை அழித்தார்கள். பலருக்கு ஆவேசம் தணிந்தது என்று எழுதினார்கள். கத்தி பட்டது மூளையில், மாறியது குணம்! ஒருவருடைய குணத்தை இன்னொருவர் கத்தியால் மாற்றலாமா என்ற கேள்வியும் எழுந்தது. நல்ல மருந்துகளும் வந்தன. இன்று அந்த ஆபரேஷன் அபூர்வம்.

ரமணர் கேட்ட கேள்வி

திண்டுக்கல்லில் அடி வாங்கிய சிறுவன் என்ன சொன்னார்?

1896 ஜூலையில், மதுரை வீட்டில், 16 வயதில் அவருக்குத் திடீரென்று சாவு பயம் வந்தது. அவர் யாரையும் கூப்பிடவில்லை. பிணம்போல் கை கால்களை விறைத்துக்கொண்டு படுத்தார். "உடம்பு செத்தால் நானும் செத்தேனா?" என்று தனக்குள் விசாரித்தார். அதே ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார். 1950 ஏப்ரல் 14-ல் மறையும்வரை அந்த ஊரைவிட்டுப் போகவில்லை.

தம்மிடம் வந்தவர்களுக்கு அவர் தூக்கத்தைத்தான் அடிக்கடி உதாரணம் காட்டினார். மனம் என்பது நினைவுகளின் கூட்டம். தூக்கத்தில் நினைவு இல்லை. ஆகவே மனமும் இல்லை. ஆனால் எழுந்ததும் "சுகமாகத் தூங்கினேன்" என்கிறோமே! மனம் இல்லாதபோது சுகமாக இருந்த அந்த 'நான்' யார்? இதுதான் அவர் கேள்வி. அதன் இருப்பிடம் மூளையில் இல்லை, இதயத்தில் என்றார். சூரியனிடம் ஒளி வாங்கும் சந்திரன்போல, மனம் அங்கிருந்து ஒளி பெறுகிறது என்றார்.

டாக்டர்கள் இதை ஒப்புவதில்லை. "சுகமாகத் தூங்கினேன்" என்பது விழித்த பிறகு மூளை போடும் கணக்கு என்கிறார்கள். அடி விழுந்ததே தெரியாத பையன், சுகமாக இருந்ததை மட்டும் எப்படி அறிவான் என்று அவர்கள் கேட்கலாம். கேள்வி நியாயம்தான். ஆனால் மின்சார அலை எப்படி வலியாக மாறுகிறது, மல்லிகை வாசமாக எப்படி மாறுகிறது என்று திருப்பிக் கேட்டால், அவர்களிடமும் விடை இல்லை.

இதில் ஒரு பந்தயமே நடந்தது! 1998-ல் கிறிஸ்டோப் கோக் என்ற மூளை விஞ்ஞானி, "நமக்கு உணர்வு வருவது மூளையின் எந்த வேலையால் என்பதை 25 ஆண்டுக்குள் கண்டுபிடித்துவிடுவோம்" என்றார். "நடக்காது" என்றார் டேவிட் சால்மர்ஸ் என்ற தத்துவ ஆசிரியர். பந்தயப் பொருள் திராட்சை மது.

2023 ஜூனில் நியூயார்க் நகரில் சபை கூடியது. கோக் தோல்வியை ஒப்புக்கொண்டு, மது பாட்டில்களைச் சால்மர்ஸிடம் கொடுத்தார். இன்னும் 25 ஆண்டுக்குப் பந்தயம் கட்டத் தயார் என்றும் சொன்னார்.