வெளிவராத விளையாட்டு

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

எங்கள் துறையின் மின்னணுவியல் ஆய்வகத்தில் ஒரு பழைய மர அலமாரி உண்டு. அதன் கீழ்த்தட்டில், முன்பு படித்தவர்கள் செய்த திட்டப்பணிகள் அட்டைப் பெட்டிகளில் உறங்கிக்கொண்டிருக்கின்றன. எங்கள் குழு திட்டப்பணிக்குப் பொருள் தேடியபோது, பேராசிரியர் அவற்றுள் ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்தார். வகுப்பு அட்டவணைப்படி தானே மணியடிக்கும் கருவி அது. 8085 நுண்செயலியைக் கொண்டு எங்கள் மூத்த மாணவர்கள் செய்தது. "இதைச் சரிசெய்து, தேர்வு நாள்களுக்கு வேறு அட்டவணை வரும்படி விரிவாக்குங்கள், அதுவே போதும்" என்றார்.

மின்சாரம் கொடுத்தோம். மணி அடிக்கவில்லை. நிரல் இருந்த சில்லைக் கழற்றி, ஆய்வகக் கிட்டின் காலிச் சாக்கெட்டில் பொருத்திப் படித்துப் பார்த்தோம். முதல் முகவரியில் 'எஃப் எஃப்' என்று வந்தது. அடுத்ததிலும் 'எஃப் எஃப்'. கடைசி முகவரி வரை அதேதான். திட்ட அறிக்கையைப் புரட்டினோம். சுற்றுப்படம் இருந்தது, நன்றியுரை இரண்டு பக்கம் இருந்தது, நிரல் மட்டும் இல்லை!

"சில்லின் மேல் ஸ்டிக்கர் இல்லையே, கவனித்தீர்களா?" என்று கேட்டார் பேராசிரியர். அந்தக் கேள்விக்கு விடை தேடிப் படித்துக்கொண்டு போனபோதுதான், அமெரிக்காவில் 1983ஆம் ஆண்டில் உருவாகி, கடைக்கு வராமலே நின்றுபோன ஒரு வீடியோ விளையாட்டின் கதையை அறிந்தேன். அதையே இங்கு உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

சன்னல் வைத்த சில்லு

நாங்கள் கழற்றிய சில்லின் பெயர் ஈப்ராம். 1971இல் இன்டெல் நிறுவனத்தில் டோவ் ஃப்ரோமன் என்பவர் கண்டுபிடித்தது. எழுதியதை அழித்துவிட்டு மீண்டும் எழுதலாம் என்பது இதன் சிறப்பு.

இதனுள் ஆயிரக்கணக்கான நுண்ணிய டிரான்சிஸ்டர்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும், நாற்புறமும் மின்கடத்தாப் பொருளால் சூழப்பட்ட ஒரு தனித் தகடு உண்டு. வழக்கத்தைவிட உயர்ந்த மின்னழுத்தம் கொடுத்தால் எலெக்ட்ரான்கள் அந்தத் தடையைத் தாண்டித் தகட்டுக்குள் புகுந்துவிடும். மின்னழுத்தத்தை நீக்கியதும் வெளியே வர வழியின்றி அங்கேயே சிறைப்பட்டுக் கிடக்கும். சிறைப்பட்ட இடம் 0. வெறுமையான இடம் 1. இவ்வளவுதான் எழுத்து!

அழிப்பது எப்படி? சில்லின் தலையில் குவார்ட்சால் ஆன ஒரு சிறு சன்னல் உண்டு. அதன் வழியே புறஊதாக் கதிரைப் பாய்ச்சினால், எலெக்ட்ரான்கள் ஆற்றல் பெற்றுத் தப்பி ஓடிவிடும். எல்லா இடமும் 1 ஆகிவிடும். எட்டு ஒன்றுகள் சேர்ந்தால் பதினாறடிமான முறையில் எஃப் எஃப். நாங்கள் கண்டது இதைத்தான்.

இதற்கென உள்ள விளக்கின் கீழ் வைத்தால் ஏறக்குறைய 20 நிமிடங்களில் அழிந்துவிடும். நேரடி வெயிலில் ஒரு வாரம் போதும். குழல்விளக்கு வெளிச்சத்திலேயே தொடர்ந்து கிடந்தால் மூன்றாண்டுகளில் அழியக்கூடும் என்று தயாரிப்பாளர்களின் குறிப்பேடுகள் எச்சரிக்கின்றன. ஆகவேதான் சன்னலின் மேல் ஸ்டிக்கர் ஒட்டவேண்டும். எங்கள் மூத்த மாணவர்களின் சில்லில் பசை காய்ந்த தடம் மட்டுமே இருந்தது.

128 பைட்டுக்குள் ஒரு வித்தை

இனி விளையாட்டுக்கு வருவோம். 1977இல் அட்டாரி நிறுவனம் வி.சி.எஸ். என்னும் விளையாட்டுப் பெட்டியை அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1982இல் அதற்கு 2600 என்று பெயர் மாற்றினார்கள். பெட்டியை வீட்டுத் தொலைக்காட்சியுடன் இணைத்து, வேண்டிய விளையாட்டின் கார்ட்ரிட்ஜைச் செருகி ஆடலாம்.

அப்பெட்டியின் தற்காலிக நினைவகம் எவ்வளவு தெரியுமா? 128 பைட்டு! ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். திரையில் ஒரு வரிக்கு 160 புள்ளிகள். பொதுவாக 192 வரிகள். ஆக மொத்தம் 30,720 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு ஒரு பிட்டு என்று வைத்தாலும் 3,840 பைட்டு வேண்டும். இருப்பதுபோல் 30 மடங்கு! பின் எப்படிப் படம் வரைந்தார்கள்?

படத்தை நினைவில் வைக்கவே இல்லை. தொலைக்காட்சியின் எலெக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக ஒவ்வொரு வரியாக ஓடும்போதே, அந்த வரியில் என்ன தெரியவேண்டும் என்பதை நிரல் அவ்வப்போது சொல்லிக்கொண்டே போகவேண்டும். ஒரு வரிக்குக் கிடைப்பது 76 துடிப்புகள் மட்டுமே. ஒரு கட்டளைக்கே குறைந்தது இரண்டு துடிப்புகள் செலவாகும். சற்றுத் தாமதித்தால் உருவம் இடம் மாறிவிடும். இந்த ஓட்டத்தை வினாடிக்கு 60 முறை செய்யவேண்டும். பந்தி நடக்கும்போதே சமைத்துச் சமைத்துப் பரிமாறுவது போன்ற வேலை இது!

நிரலுக்கான இடமும் குறைவு. கார்ட்ரிட்ஜில் ஒரே சமயத்தில் எட்டக்கூடியது 4,096 பைட்டு. இரண்டு பகுதிகளை மாற்றி மாற்றி இணைக்கும் உத்தியால் பின்னாளில் 8,192 பைட்டு வரை கொண்டுசென்றார்கள். நீங்கள் படிக்கும் இந்தக் கட்டுரையைக் கணினியில் சேமித்தால், அதுவே இதைவிடப் பெரிதாக இருக்கும்.

ஒரு விளையாட்டு, இரண்டு வேடம்

இந்த வித்தையில் கைதேர்ந்தவர்களுள் ஒருவர் ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா. 1981இல் அட்டாரியில் சேர்ந்தவர். 1982இல் வெளிவந்த 'யார்ஸ் ரிவெஞ்ச்' இவருக்குப் பெரும் புகழ் தந்தது. அதே ஆண்டில் 'ஈ.டி.' திரைப்படத்தை விளையாட்டாக்கும் பணியும் இவரிடம் வந்தது. கிறிஸ்துமஸ் விற்பனையைப் பிடிக்கவேண்டும் என்பதற்காகக் கொடுத்த காலம் ஐந்தே வாரம்! அந்த அவசரம் விளையாட்டில் தெரிந்தது. இலட்சக்கணக்கில் செய்த கார்ட்ரிட்ஜுகள் விலை போகாமல் தேங்கின.

அதன்பின் அவர் ஈடுபட்டதுதான் 'சபோட்டூர்'. நாசவேலை செய்பவன் என்பது பொருள். எதிரிகள் ஓர் ஏவுகணையைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அது கிளம்பாதபடி ஆடுபவர் தடுக்கவேண்டும். இதற்கிடையில் 1983இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'தி ஏ-டீம்' என்னும் தொடர் பெரும் வரவேற்புப் பெற்றது. சபோட்டூரையே அந்தத் தொடரின் பெயரில் மாற்ற முடிவாயிற்று. நாயகன் உருவம் போய், தொடரில் நடித்த மிஸ்டர் டி-யின் தலை திரையில் ஏறியது.

வேடம் மாறியும் மேடை கிடைக்கவில்லை. 1983இல் அமெரிக்க வீடியோ விளையாட்டுச் சந்தை சரிந்தது. தரமற்ற விளையாட்டுகள் குவிந்ததும், விலை குறைந்த வீட்டுக் கணினிகள் வந்ததும் அதற்கு முக்கியக் காரணங்கள். 1984 ஜூலையில், வீட்டு விளையாட்டுப் பெட்டிகளைச் செய்த அட்டாரியின் பிரிவு ஜாக் டிராமியல் என்பவருக்கு விற்கப்பட்டது. சபோட்டூரும் வரவில்லை; ஏ-டீமும் வரவில்லை.

புதைத்ததும் புதைக்காததும்

இந்த இடத்தில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்கவேண்டும். கடைக்கு வரும் விளையாட்டின் நிரல், தொழிற்சாலையிலேயே சில்லின் அமைப்பாகப் பதிக்கப்படும். அதை வெயில் அழிக்காது. ஆனால் சோதித்துப் பார்ப்பதற்காகச் செய்யும் முன்மாதிரிகள் அப்படியல்ல. நாளைக்கே நிரல் மாறலாம் என்பதால், அவற்றை ஈப்ராமில்தான் எழுதினார்கள். சன்னலும் ஸ்டிக்கரும் கொண்ட, எங்கள் அலமாரியில் கிடந்ததே போன்ற சில்லு!

1983இல் விற்காத சரக்குகளை நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகோர்டோ நகரக் குப்பைமேட்டில் அட்டாரி புதைத்தது. 2014 ஏப்ரலில் அதைத் தோண்டினார்கள். வார்ஷாவும் அங்கு வந்து நின்று பார்த்தார். ஈ.டி. உட்பட ஏறக்குறைய 1,300 கார்ட்ரிட்ஜுகளை வெளியே எடுத்தார்கள். சில இன்று அருங்காட்சியகங்களில் உள்ளன. தோண்டாமலே விட்டிருந்தாலும் ஈ.டி. அழிந்திருக்காது. இலட்சக்கணக்கான வீடுகளில் அதன் படிகள் இருந்தன.

சபோட்டூரின் நிலை வேறு. அதை யாரும் புதைக்கவில்லை. புதைக்காமலே அழிந்துபோகக்கூடிய நிலையில் அது இருந்தது. வெளிவராத விளையாட்டு என்பது ஒரு சில சில்லுகளே. சில்லு என்பது சிறைப்பட்ட எலெக்ட்ரான்களே. இத்தகைய முன்மாதிரிகளைப் பணியாளர்கள் சிலரும் சேகரிப்பாளர்கள் சிலரும் பத்திரப்படுத்தி, சில்லில் இருந்ததைப் படித்துக் கணினிக் கோப்பாகப் படி எடுத்தார்கள். அக்காலத்தில் ஓலை செல்லரிக்குமுன் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதியவர்கள் செய்த பணிதான் இதுவும்.

அவ்வாறு பிழைத்த சபோட்டூர், 2004இல் 'அட்டாரி ஃபிளாஷ்பேக்' என்னும் பெட்டியில் இடம்பெற்று, முதன்முறையாக மக்கள் கைக்கு வந்தது. 21 ஆண்டுகள் கழித்து! கிறிஸ் கிராஃபோர்ட் 1980இல் எழுதி வெளிவராதிருந்த 'விசார்ட்' என்னும் விளையாட்டும், 2005இல் வந்த இரண்டாம் ஃபிளாஷ்பேக்கில் சேர்ந்தது.

எல்லாவற்றுக்கும் இந்தப் பேறு வாய்க்கவில்லை. 'சுவார்ட்குவெஸ்ட்' வரிசையில் நான்காவதாக வரவேண்டிய 'ஏர்வேர்ல்ட்' அக்காலத்தில் முடிக்கப்படவே இல்லை. 2022இல் அட்டாரியின் ஐம்பதாண்டு நிறைவுத் தொகுப்புக்காக, அது எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்து புதிதாகவே ஆக்கினார்கள். படித்துப் பார்க்க ஒரு சில்லு இருந்தால் நமக்குக் கிடைப்பது நிரல். இல்லாவிட்டால் எஞ்சுவது வெறும் பெயர்!

வார்ஷா பின்னாளில் மனநல ஆலோசகரானார். தாம் எழுதியதை இருபது ஆண்டுகளுக்குப் பிறகு மக்கள் ஆடுவதைக் காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. எங்கள் மூத்த மாணவர்களுக்கு அது கிட்டவில்லை. அவர்கள் எத்தனை மாலைகள் அந்த ஆய்வகத்தில் அமர்ந்து அந்த நிரலை எழுதினார்களோ! அதன் ஒரு வரியைக்கூட எங்களால் படிக்க முடியவில்லை.

மணியடிக்கும் நிரலை முதலிலிருந்து நாங்களே எழுதினோம். மூன்று மாதம் ஆயிற்று. இப்போது கருவி அடிக்கிறது. தேர்வு அட்டவணையும் உண்டு. முடிந்ததும் நாங்கள் செய்த வேலைகள் மூன்று. ஒரே நிரலை இரண்டு சில்லுகளில் எழுதி, இரண்டின் சன்னலையும் கறுப்பு நாடாவால் மூடினோம். கோப்பைத் துறைக் கணினியில் சேமித்தோம். நிரல் முழுவதையும் தாளில் அச்சிட்டுத் திட்ட அறிக்கையில் இணைத்தோம். அதற்கு இடம் போதாமல், நன்றியுரையை அரைப்பக்கமாகக் குறைத்துக்கொண்டோம்.

நண்பர்களே! உங்கள் துறையிலும் இப்படியோர் அலமாரி இருக்கும். இந்தக் கோடை விடுமுறைக்குமுன் ஒரு நாள் அதைத் திறந்து பாருங்கள். ஸ்டிக்கர் உரிந்த சில்லு ஏதேனும் கண்ணில் பட்டால், முதலில் அதைப் படித்துப் படி எடுங்கள். இன்னும் எஃப் எஃப் ஆகாமல் இருக்கலாம்.