அட்டையா, நத்தையா?

மழை பெய்த மறுநாள் தேயிலை மலைக்குள் கால் வைத்தவர்க்கு அட்டையைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, திருகோணமலைக் கடற்பாறையிடுக்கில் சுண்டுவிரல் நீளப் பிராணியொன்றைக் கண்டதும், எமது ஹட்டன் மாணவர்கள் "அட்டை!" என்று பின்வாங்கியதில் வியப்பில்லை.

அது அட்டையன்று, உலர்த்தி அயல்நாடுகளுக்கு அனுப்பும் கடலட்டையுமன்று. கடலட்டை நட்சத்திர மீனின் உறவு. இதுவோ ஓட்டைத் துறந்த நத்தை.

கரிய முதுகு, அதில் முன்னும் பின்னுமாக நீளும் இளஞ்சிவப்பு வரப்புகள். தலைப்புறத்தில் இரு கரிய மோப்பக் கொம்புகள். வேறு பல கடல் நத்தைகளின் முதுகில் பூப்போல் விரியும் செவுள் இதற்கில்லை. கவிழ்த்துப் பார்த்தால், போர்வை விளிம்பின் கீழே அது மடிப்பு மடிப்பாய்த் தெரியும். இவ்வளவும் பொருந்தினால், இலங்கையில் பிறந்த மருத்துவர் கெலார்ட் 1859 இல் விவரித்த 'பில்லிடியெல்லா சைலானிக்கா' இதுவே எனலாம். இதன் உறவான 'பஸ்டுலோசா'வில் வரப்புகளுக்குப் பதிலாகக் கொப்புளக் கூட்டங்கள் தனித்தனியே நிற்கும். அவசரப் பார்வை ஏமாந்துவிடும்.

நாமும் அவசரப்பட்டோம். சிறு மீன்கள் நீந்திய வாளியிலேயே இதனையும் இட்டோம். சற்று நேரத்தில் மீன்கள் செத்து மிதந்தன! கடற்பஞ்சைத் தின்று, அதன் நஞ்சைத் தன் காவலாக்கிக்கொள்ளும் பிராணி இது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பின்னர் மதுசாரப் போத்தலில் அடைத்து, 4,000 அடி உயரத்திலுள்ள ஹட்டனுக்குக் கொணர்ந்து பார்த்தால், இளஞ்சிவப்பெல்லாம் வெளுத்திருந்தது. நல்லவேளையாக, அது உயிரோடிருக்கையிலேயே மாணவியொருத்தி வர்ணப் பென்சிலால் வரைந்து வைத்திருந்தாள். வரப்புகள் இணையும் இடங்களும் அதில் தவறவில்லை. போத்தலைக் காண வருவோர்க்கு நாம் இப்போது முதலிற் காட்டுவது அந்தத் தாளைத்தான்.