மாமாவின் நீல ஐபாட்

2007-ம் ஆண்டு. எனக்கு அப்போது பத்து வயது. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த என் தாய்மாமா விடுமுறைக்கு வந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து நீல நிறத்தில் ஒரு தகட்டை எடுத்தார். தீப்பெட்டியை விட நீளம், அதில் பாதித் தடிமன். மேலே சின்னத் திரை, கீழே ஒரு வட்டம். வேறு ஒன்றும் இல்லை. அந்த வட்டத்தின் மேல் கட்டை விரலால் தடவினார். பாட்டுப் பெயர்கள் கடகடவென்று ஓடின. "தொடாத மாப்ள, கீறல் விழுந்துடும்" என்றார். அன்றிலிருந்து எனக்கு அதன் மேல் ஒரு கண்.

அது ஐபாட் நேனோ. இரண்டாம் தலைமுறை மாடல், 4 ஜிபி. 2006 செப்டம்பரில் வந்தது. அமெரிக்காவில் அப்போது இதன் விலை 199 டாலர். எடை வெறும் 40 கிராம்.

கடிகாரம், மூக்குக் கண்ணாடி, பேனா போல ஒரு மின்னணுச் சாதனமும் ஒருவரின் தோற்றத்தில் சேரும் என்பதை ஐபாட் அளவுக்குக் காட்டிய பொருள் குறைவு. 2003-ல் வந்த விளம்பரங்களை நினைத்துப் பாருங்கள். பளிச்சென்ற வண்ணப் பின்னணியில் ஆடும் கறுப்பு நிழல் உருவம். அதில் வெள்ளையாகத் தெரிவது ஐபாடும் அதன் இயர்போன் ஒயரும் மட்டும்தான். மற்ற கம்பெனிகளின் இயர்போன் எல்லாம் பெரும்பாலும் கறுப்பாக இருந்த காலம். சாதனம் பைக்குள் இருந்தாலும் வெள்ளை ஒயரைப் பார்த்தாலே யாரிடம் ஐபாட் இருக்கிறது என்று தெரிந்து விடும். இதில் ஒரு வேடிக்கை. திருடர்களுக்கும் தெரிந்து விட்டது! 2005-ல் நியூயார்க் சுரங்க ரயில்களில் ஐபாட் பறிப்பு பெரிய தலைவலியாகி, ஒயரை மறைத்து வையுங்கள் என்று பயணிகளுக்குச் சொல்ல வேண்டி வந்தது.

அந்த எளிமையான தோற்றம் எங்கிருந்து வந்தது? ஜெர்மனியின் பிரவுன் கம்பெனி 1958-ல் டி3 என்ற பாக்கெட் ரேடியோவை வெளியிட்டது. வடிவமைப்பில் முக்கியப் பங்கு டீட்டர் ராம்ஸ் என்பவருக்கு. வெள்ளைப் பெட்டி, மேல் பாதியில் வரிசையாகச் சிறு ஓட்டைகள், கீழே ஒரு வட்டத் திருகு. இதன் படத்தையும் முதல் ஐபாடின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அண்ணன் தம்பி என்பீர்கள். "குறைவாக, ஆனால் மேலாக" என்பது ராம்ஸின் கொள்கை. ஐபாடை வடிவமைத்த குழுவுக்குத் தலைவரான ஜோனதன் ஐவ், ராம்ஸ் மேல் தனக்குள்ள மரியாதையை ஒளித்ததில்லை.

2001 அக்டோபர் 23-ல் அறிமுகமான முதல் ஐபாடில் 5 ஜிபி ஹார்ட் டிஸ்க். விலை 399 டாலர். அதன் பின்புறம் கண்ணாடி போல மின்னும் ஸ்டீல். ஜப்பானில் சுபாமே என்ற ஊரின் பட்டறைகளில் கைவேலையாக பாலிஷ் போட்டவை அவை. அழகுதான், ஆனால் தொட்டால் கைரேகை, உரசினால் கீறல். என் மாமா வைத்திருந்த நேனோ மாடலின் உடம்போ அலுமினியம். நீல நிறம் பெயின்ட் இல்லை. அலுமினியத்தை அமிலக் கரைசலில் வைத்து மின்சாரம் செலுத்தினால் அதன் மேல் கெட்டியான ஆக்ஸைடு படலம் வளரும். அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும். சாயம் அந்தத் துளைகளுக்குள் இறங்கியதும் துளைகளை அடைத்து விடுவார்கள். அதனால் பெயின்ட் போல உரிந்து வராது. 18 வருடம் கழித்தும் மாமாவின் நேனோ நீலமாகவே இருக்கிறது.

கீழே உள்ள வட்டம் சுற்றாது என்பது எனக்குச் சின்ன வயதில் தெரியாது. முதல் ஐபாடில் மட்டும் அது நிஜமாகவே சுற்றியது. 2002-ல் வந்த மாடலிலிருந்து அது சுற்றாத தொடுதகடு ஆகி விட்டது. விரலில் உள்ள மின்னேற்பு காரணமாக, தகட்டின் அடியில் உள்ள மின்முனைகளில் ஏற்படும் மாற்றத்தை சிப் கணக்கிட்டு, விரல் எந்தப் பக்கம் நகர்கிறது என்று கண்டுபிடிக்கும். லேப்டாப்பில் மவுஸுக்குப் பதில் தடவுகிறோமே, அதே தத்துவம். 2004-ல் ஐபாட் மினியில் அதே வட்டத்தின் அடியிலேயே பட்டன்களையும் வைத்து விட்டார்கள். வெளியே தெரிந்த பட்டன்கள் காணாமல் போயின.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மாமா ஊருக்கே திரும்பி விட்டார். சென்ற போகிக்கு வீட்டை ஒழித்தபோது பிஸ்கட் டின்னுக்குள் நேனோ கிடைத்தது. "நீதான மாப்ள அன்னிக்கு இத வெறிச்சு வெறிச்சுப் பாத்தே. நீயே வச்சுக்க" என்று கொடுத்து விட்டார். அகலமான 30 பின் கேபிளும் கூடவே இருந்தது.

பெங்களூருக்கு வந்ததும் சார்ஜ் போட்டேன். ஆப்பிள் சின்னம் தெரிந்தது! மறுநாள் ஆபீஸுக்கு எடுத்துப் போனேன். ஆயிரம் டாலர் போன் வைத்திருப்பவர்கள் எல்லாம் என் இருக்கைக்கு வந்து வட்டத்தைத் தடவிப் பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் உள்ளே இருந்தவை மாமாவின் பாட்டுகள். எல்லாம் இப்போது போனிலேயே கிடைப்பவைதான். அழித்து விட்டு என் பாட்டுகளை ஏற்றலாம் என்று லேப்டாப்பில் ஐடியூன்ஸ் நிறுவி, நேனோவை இணைத்தேன்.

உடனே ஒரு டயலாக் பாக்ஸ் தோன்றியது. இந்த ஐபாட் வேறொரு ஐடியூன்ஸ் லைப்ரரியோடு இணைந்துள்ளது, இதில் உள்ளவற்றை அழித்து விட்டு இந்த லைப்ரரியோடு இணைக்கவா என்று கேட்டது. "எரேஸ் அண்ட் சிங்க்" பட்டன் மேல் மவுஸ் பாயின்டர் நின்றது. விரல் கிளிக் செய்யத் தயார்.

ஆபீஸில் எதையும் அழிக்கும் முன் ஒரு முறை பார்த்து விட வேண்டும் என்பது எங்களுக்குப் பழக்கம். ஒரு முறை சூடு பட்டவன் நான். அதனால் கேன்சல் கொடுத்து நேனோவைக் கழற்றி, பாட்டுப் பட்டியலை மேலிருந்து தடவிக் கொண்டே போனேன். முதல் எழுத்திலேயே, சினிமாப் பாட்டுகளுக்கு நடுவில், ஆங்கில எழுத்தில் "அம்மா பாட்டு" என்று ஒன்று. அழுத்தினேன். கொஞ்ச நேரம் கரகரவென்று டேப் சத்தம். பிறகு ஒரு வயதான அம்மாள் தொண்டையைச் செருமி விட்டு நடவுப் பாட்டு பாட ஆரம்பித்தார்.

என் அம்மாச்சி. எனக்கு ஆறு வயதாகும்போது இறந்து போனவர். அவர் முகம் போட்டோவில் இருக்கிறது. குரல் எனக்கு ஞாபகமே இல்லை.

மாமாவுக்குப் போன் செய்தேன். "அது கேசட்டுல புடிச்சது மாப்ள. கம்ப்யூட்டர் சென்டர்ல எம்பி3 ஆக்கிக் குடுத்தாங்க. கேசட்டு பூசணம் புடிச்சுப் போச்சு. பழைய கம்ப்யூட்டர இரும்புக் கடையில போட்டாச்சு. ஏன், அதுல இன்னும் இருக்கா?" என்றார். உலகத்தில் ஒரே ஒரு காப்பி, 18 வயதான ஒரு சாதனத்துக்குள். அதை நான் அழிக்க இருந்தேன்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் இப்படி ஒரு பழைய ஐபாட் இருக்கலாம். எனவே நான் செய்ததைச் சொல்கிறேன்.

முதலில் சாதனத்தைப் பாருங்கள். உடம்பு உப்பியிருந்தாலோ திரை மேலெழும்பியிருந்தாலோ சார்ஜ் போடாதீர்கள். உள்ளே லித்தியம் பேட்டரி வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். விவரம் தெரிந்த சர்வீஸ்காரரிடம் கொடுப்பதே நல்லது.

அடுத்தது, ஐடியூன்ஸ் வேண்டாம். அது இல்லாத கம்ப்யூட்டரிலேயே இணைக்கலாம். ஐடியூன்ஸ் ஏற்கெனவே இருந்தால் ஷிப்ட், கன்ட்ரோல் கீகளை ஒன்றாக அழுத்திக் கொண்டு கேபிளைச் செருகுங்கள். தானாக சிங்க் ஆவதை அது தடுக்கும். அதையும் மீறி அழிக்கவா என்று கேட்டால் கேன்சல் மட்டும்தான்.

விண்டோஸில் பயன்படுத்தப்பட்ட ஐபாட் என்றால் அது பென் டிரைவ் போல ஒரு டிரைவ் எழுத்துடன் வந்து நிற்கும். வராவிட்டால் ஒரு வழி உண்டு. கிளிக் வீல் உள்ள நேனோவில் மெனு பட்டனையும் நடு பட்டனையும் ஆப்பிள் சின்னம் வரும் வரை சேர்த்து அழுத்துங்கள். சின்னம் வந்ததும் விட்டு விட்டு, நடு பட்டனையும் பிளே பட்டனையும் சேர்த்து அழுத்துங்கள். "டிஸ்க் மோட்" என்று திரையில் தெரியும். மேக் கம்ப்யூட்டரில் பயன்படுத்தப்பட்ட ஐபாடை விண்டோஸால் படிக்க முடியாது. பார்மட் செய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்கும். தப்பித் தவறியும் ஆம் சொல்லாதீர்கள். அதை ஒரு மேக்கில் இணைத்துப் பாருங்கள்.

டிரைவைத் திறந்தால் பாட்டு எதுவும் கண்ணில் படாது. நானும் முதலில் பயந்து விட்டேன். விண்டோஸ் 11-ல் பைல் எக்ஸ்புளோரரின் வியூ மெனுவில் ஷோ, அதில் ஹிட்டன் ஐட்டம்ஸ் என்பதை கிளிக் செய்யுங்கள். மங்கலான நிறத்தில் ஐபாட் கன்ட்ரோல் என்ற போல்டர் தோன்றும். அதற்குள் மியூசிக். அதற்குள் எஃப்00, எஃப்01 என்று வரிசையாகப் போல்டர்கள். எல்லாப் பாட்டும் அவற்றில்தான். மியூசிக் போல்டரை அப்படியே கம்ப்யூட்டருக்கு காப்பி செய்யுங்கள். கட் செய்யாதீர்கள், காப்பி.

காப்பி முடிந்து பார்த்தால் அடுத்த தலைவலி. பைல் பெயர்கள் எல்லாம் அர்த்தமில்லாத நான்கு ஆங்கில எழுத்துகள். ஐபாட் எந்தப் பாட்டுக்கும் அதன் பெயரில் பைல் வைப்பதில்லை. பெயர்களைத் தனியாக ஒரு டேட்டாபேஸில் வைத்துக் கொள்ளும். சினிமாப் பாட்டுகளில் பிரச்சினை இல்லை. எம்பி3 பைலுக்குள்ளேயே பாட்டு, படம், பாடியவர் பெயர் கொண்ட டேக் இருப்பதால் எக்ஸ்புளோரரில் டைட்டில் என்ற பத்தியில் அவை தெரியும். ஆனால் கம்ப்யூட்டர் சென்டரில் மாற்றிய பைலுக்கு யார் டேக் போட்டார்கள்? ஐபாட் திரையில் "அம்மா பாட்டு" என்று தெரிந்தது பழைய பைல் பெயர். அது டேட்டாபேஸில்தான் இருந்தது. காப்பி ஆன 600-க்கு மேற்பட்ட பைல்களில் அம்மாச்சி எது என்று தெரியவில்லை.

ஒவ்வொன்றாகக் கேட்கவா முடியும்? மியூசிக் போல்டரைத் திறந்து, தேடும் பெட்டியில் நட்சத்திரக் குறி, புள்ளி, எம்பி3 என்று டைப் செய்தேன். எல்லாப் போல்டர்களில் இருந்தும் பைல்கள் ஒரே பட்டியலில் வந்தன. டீட்டெயில்ஸ் வியூவுக்கு மாற்றி, லெங்த் என்ற பத்தியின் தலைப்பை கிளிக் செய்தேன். சினிமாப் பாட்டு நாலைந்து நிமிடம் இருக்கும். கேசட்டின் ஒரு பக்கம் அரை மணி நேரம். பட்டியலின் உச்சியில் 29 நிமிடத்தில் ஒரு பைல், டைட்டில் காலி. அதுதான் அம்மாச்சி. உடனே பெயர் மாற்றி, பிராப்பர்ட்டீஸில் டேக்கும் எழுதி, ஒரு காப்பி வெளி ஹார்ட் டிஸ்க்கிலும் ஒன்று ஆன்லைன் சேமிப்பிலும் போட்டு விட்ட பிறகுதான் சாப்பிடப் போனேன். நேனோவை எடுக்கும்போது மறக்காமல் எஜெக்ட் கொடுத்தேன்.

அந்த இரவு எனக்கு ஒன்று உறைத்தது. ஐபாட் அவ்வளவு எளிமையாக இருப்பதற்குக் காரணம், கஷ்டமான வேலைகளை எல்லாம் கம்ப்யூட்டரில் உள்ள ஐடியூன்ஸ் தலையில் கட்டியதுதான். பட்டியல் தயாரிப்பது, பெயர் மாற்றுவது, அழிப்பது எல்லாம் அங்கே. கையில் இருப்பது பாடினால் போதும். அழகான ஏற்பாடு, அந்தக் கம்ப்யூட்டர் கூடவே இருக்கும் வரைக்கும். கம்ப்யூட்டர் இரும்புக் கடைக்குப் போய் விட்டால் உள்ளே இருப்பதை வெளியே எடுக்க மறைந்த போல்டரைத் தோண்ட வேண்டியிருக்கிறது. ஐபாட் வரிசையே 2022 மே மாதத்தோடு நிறுத்தப்பட்டு விட்டது. பழையவற்றை அழகுக்காக வாங்குபவர்கள் இருக்கிறார்கள். நீங்களும் வாங்கினால், கீறலைப் பார்ப்பதற்கு முன் உள்ளே யார் பாட்டு இருக்கிறது என்று பாருங்கள், விற்றவருக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போய் மாமாவின் போனில் பைலை ஏற்றிக் கொடுத்தேன். திண்ணையில் உட்கார்ந்து கேட்டார். பன்னிரண்டாவது நிமிடத்தில் அம்மாச்சி பாட்டை நிறுத்தி விட்டு, நெல்லில் வாய் வைத்த கோழியை விரட்டுவார். நான் இது வரை நாலைந்து முறை கேட்டு விட்டேன், நம் வீட்டுக் கோழி என்றுதான் நினைத்திருந்தேன். மாமா கண்ணைத் துடைத்துக் கொண்டு சிரித்தார். "அது நம்ம கோழி இல்ல மாப்ள. பக்கத்து வீட்டுது. தெனமும் இதே ரோதனதான்."