மலையில்லா ஊரில் மலை கீறும் பிள்ளைகள்

ஒரு சின்னப் பிள்ளையிடம் தாளையும் பென்சிலையும் கொடுத்து, "உனக்கு விருப்பமான படம் ஒன்று கீறு" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு மலைகள் வரும். மலைகளுக்கு நடுவே பாதிச் சூரியன், அதிலிருந்து இறங்கிவரும் ஓர் ஆறு, கரையில் ஒரு தென்னை, பக்கத்தில் ஓட்டு வீடு. வன்னியில் மலை எங்கே இருக்கிறது? அந்தப் பிள்ளை மலையைக் கண்டதே இல்லை. அண்ணன் கீறியதைத் தம்பி கீறுகிறான். அண்ணனுக்கு அதைக் காட்டிக் கொடுத்தவர் ஆசிரியர்.

இந்தக் குற்றத்தை நானும் செய்தவன்தான். 2010ஆம் ஆண்டு, இடம்பெயர்ந்த குடும்பங்கள் தங்கியிருந்த முகாம் ஒன்றிலே, தறப்பாள் கொட்டிலுக்குள் தரம் ஒன்று, இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு கரும்பலகையில் ஒரு மாம்பழத்தைக் கீறினேன். முப்பது பிள்ளைகளும் முப்பது மாம்பழம் கீறினார்கள். எல்லாம் ஒரே மாம்பழம். கீழே "மாம்பழம்" என்று எழுதச் சொன்னேன். அதையும் கீறினார்கள். ஆம், எழுதவில்லை, கீறினார்கள். அடுத்த நாள் அந்தச் சொல்லை வேறோர் இடத்தில் எழுதிக் காட்டியபோது வாசிக்கத் தெரிந்தவர்கள் சிலர் மட்டுமே.

படத்தையும் எழுத்தையும் சேர்த்துக் கற்பிப்பது எப்படி என்று தேடியபோதுதான், குருத்துவக் கல்லூரியில் பெயரளவில் படித்திருந்த ஒருவரை மறுபடியும் சந்தித்தேன். அவர் ஜோன் அமொஸ் கொமேனியஸ். 1592ஆம் ஆண்டு, இன்றைய செக் குடியரசைச் சேர்ந்த மொராவியாவில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாய் தகப்பனை இழந்தார். பதினாறு வயதிலேதான் இலத்தீன் பள்ளிக்குப் போனார். பின்னர் போதகரானார், ஆயருமானார்.

அவருடைய கதையை இடம்பெயர்ந்த எவரும் தம்முடைய கதை போலவே கேட்கலாம். 1620இல் அவருடைய மக்கள் போரிலே தோற்றார்கள். அவர் ஊரைவிட்டு ஓடி ஒளிந்து திரிந்தார். 1622இல் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கொள்ளைநோயில் இறந்தார்கள். 1628இல் தம் சபையாரோடு எல்லை கடந்து போலந்தில் லெஷ்னோ என்ற ஊருக்குப் போனார். 1656இல் அந்த ஊரும் போரில் எரிந்தது. வீடும் நூல்களும், பல்லாண்டுகளாக எழுதிச் சேர்த்த கையெழுத்துப் பிரதிகளும் சாம்பலாயின. கடைசியில் 1670இல் ஒல்லாந்திலே இறந்தார். சொந்த ஊருக்குத் திரும்பவேயில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கொமேனியஸ் கத்தோலிக்கர் அல்லர். அவரைத் துரத்தியது கத்தோலிக்கப் பேரரசனின் ஆட்சி. பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1995ஆம் ஆண்டு மே மாதம் மொராவியாவின் ஒலமூச் நகரில், அந்த நாட்களில் கத்தோலிக்கர் பிறருக்கு இழைத்த அநீதிகளுக்காக மன்னிப்புக் கேட்டார். கொமேனியஸிடமிருந்து கற்றுக்கொள்ளும் கத்தோலிக்கக் குருவுக்கு அந்த நினைவு இருக்கத்தான் வேண்டும்.

லெஷ்னோ எரிந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1658இல், ஜெர்மனியின் நூரென்பெர்க் நகரில் அவருடைய படப் புத்தகம் அச்சேறியது. புலன்களுக்குத் தெரிகின்ற உலகத்தைப் படங்களில் காட்டுவது என்பது அதன் தலைப்பின் பொருள். நூற்றைம்பது பாடங்கள், பாடத்துக்கொரு மரச்செதுக்குப் படம். உழவு, ஆடுமாடு மேய்த்தல், தேன், மாவரைத்தல், பாண் சுடுதல், மீன்பிடி எல்லாம் அதில் உண்டு. படத்தில் உள்ள பொருள்களுக்குச் சிறிய இலக்கங்கள் இடப்பட்டிருக்கும். படத்துக்குரிய வசனங்களில், அந்தப் பொருளின் பெயர் வரும் இடத்தில் அதே இலக்கம் நிற்கும். பிள்ளை இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு பொருளிலிருந்து சொல்லுக்கும், சொல்லிலிருந்து பொருளுக்கும் போய்வரலாம். இலத்தீன் ஒரு பக்கம் என்றால், பிள்ளையின் தாய்மொழி மறு பக்கம். எழுத்துக்களைக்கூட அவர் வெறுமனே சொல்லிக் கொடுக்கவில்லை. காகம், செம்மறிக்குட்டி, வாத்து, ஓநாய், கரடி என்று ஒவ்வொன்றின் ஓசையோடு ஓர் எழுத்தைச் சேர்த்தார்.

அந்த நூலின் முன்னுரையில் அவர் கூறும் ஆலோசனை ஒன்று என்னை நிறுத்தி வைத்தது. பிள்ளைகள் படங்களைத் தம் கையால் பார்த்துக் கீற விரும்பினால் விடுங்கள், விருப்பமில்லாவிட்டால் விருப்பத்தை ஊட்டுங்கள் என்கிறார். அப்படிக் கீறும்போது கவனம் கூர்மையாகும். ஒரு பொருளின் உறுப்புகள் ஒன்றுக்கொன்று என்ன அளவில் நிற்கின்றன என்று கண் பழகும். கையும் இலகுவாகும் என்று காரணமும் சொல்கிறார். சித்திரத்தையும் எழுத்தையும் இரண்டு வேறு பாடங்களாக நேர அட்டவணையில் பிரித்து வைத்திருக்கும் நமக்கு, முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இந்த ஆலோசனை இன்னும் புதிதாகவே இருக்கிறது.

நான் இதைக் கலப்பையில் பரீட்சித்தேன். ஒரு பழைய புத்தகத்திலிருந்த உழவுப் படத்தைப் பெரிய தாளில் பார்த்துக் கீறிக் கொட்டிலில் தொங்கவிட்டேன். முகாமிலே நடை பழகிய பிள்ளைகளுக்கு அது என்னவென்றே தெரியவில்லை. அன்று பின்னேரம், மகளைக் கூட்டிப்போக வந்த ஒரு தகப்பன் வாசலில் நின்று நெடுநேரம் படத்தைப் பார்த்தார். எழுத வாசிக்கத் தெரியாதவர்; நிவாரண அட்டைக்குப் பெருவிரல் அடையாளம் வைப்பவர்.

"சுவாமி, உந்தக் கலப்பையிலை கொழுவைக் காணேல்லை. கொழு இல்லாமல் என்னெண்டு உழுகிறது?" என்றார்.

வெண்கட்டியை அவர் கையில் கொடுத்தேன். கூச்சப்பட்டார். பிறகு கரும்பலகையில் மெதுவாக ஒரு கலப்பையைக் கீறினார். நான் கீறியதைவிடப் பல மடங்கு சரியான கலப்பை. பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் இலக்கம் இட்டேன்: 1 மேழி, 2 ஏர்க்கால், 3 கொழு, 4 நுகம், 5 பூட்டாங்கயிறு. அடுத்த நாள் பிள்ளைகள் அந்த ஐந்து சொற்களையும் வாசித்தார்கள். "ழ" எழுத்தை அவர்கள் பிடித்துக்கொண்டது மேழியிலும் கொழுவிலும்தான். அந்த மனிதர் பின்பு நாள்தோறும் வந்தார். தமக்காக அல்ல, படம் சரியா என்று பார்க்கத்தான் வருவதாகச் சொல்லிக்கொண்டார். சில மாதங்களில் தம் பெயரை எழுதினார்.

இன்று யார் மாடு பூட்டி உழுகிறார்கள் என்று கேட்பீர்கள். நியாயம்தான். லான்ட்மாஸ்ரரையும் கீறட்டும், அதற்கும் இலக்கம் இடட்டும். ஆனால் வரம்பு, வாய்க்கால், துருசு, கலிங்கு, களவெட்டி, சூடு மிதித்தல் என்ற சொற்கள் உங்கள் வாயில் மட்டும் இருக்கின்றன. வயலை விட்டுப் பிரிந்திருந்த ஆண்டுகளில் வளர்ந்த பிள்ளைக்கு அவற்றைக் காட்டித் தர வயல் இருக்கவில்லை. படம் இருந்தால் கொஞ்சமாவது காட்டலாம்.

நம் நாட்டிலேயே நல்ல படப் புத்தகங்கள் உண்டு. சிபில் வெத்தசிங்க அம்மையார் 1956இல் சிங்களத்தில் எழுதிப் படமும் வரைந்த குடைத்திருடன் கதை பல மொழிகளுக்குப் போயிருக்கிறது. குடையையே காணாத ஒரு கிராமத்தவர் பட்டணத்தில் ஒரு குடை வாங்கி வருகிறார். அது களவு போகிறது. வாங்க வாங்கக் களவு போகிறது. திருடன் ஒரு குரங்கு. இப்படியான கதையை ஒரே மூச்சில் வாசித்து முடிப்பது வீண். எழுத்தைக் கையால் மூடிக்கொண்டு படத்தை மட்டும் காட்டுங்கள். "என்ன நடக்குது? யார் எடுத்திருப்பான்? ஏன் அப்படி நினைக்கிறாய்?" என்று கேளுங்கள். எழுத வாசிக்கத் தெரியாத தாய்மாரும் இதைத் தாராளமாகச் செய்யலாம். அப்புறம் பக்கத்தைத் திருப்புங்கள்.

அதன்பின் பிள்ளை தன் புத்தகத்தைத் தானே செய்யட்டும். இரண்டு வெள்ளைத் தாள்களை ஒன்றாக வைத்து நடுவில் மடித்து, மடிப்பில் ஊசியால் மூன்று துளையிட்டு நூலால் தைத்தால் எட்டுப் பக்கம். பிள்ளை முதலில் படத்தைக் கீற வேண்டும். பிறகு அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது சொன்னதை, சொன்ன சொல்லிலேயே, பெரியவர் ஒருவர் படத்தின் கீழே எழுத வேண்டும். "அப்பா மாட்டை அவிட்டு விட்டார்" என்று பிள்ளை சொன்னால் "அவிழ்த்து" என்று உடனே திருத்தாதீர்கள். தான் சொன்ன சொல்லைத் தாளில் காணும் பிள்ளை அதை வாசித்தே தீரும். திருத்தம் இரண்டாம் புத்தகத்துக்கு ஆகட்டும். வர்ணப் பெட்டி கிடைக்காவிட்டால் சிரட்டைக்கரி, மஞ்சள், செங்கல் தூள், தேய்த்தால் பச்சை விடும் அகத்தி இலை போதும்.

சில பிள்ளைகள் குண்டு விழுவதையும் படுத்துக் கிடப்பவர்களையும் கீறும். தடுக்காதீர்கள், கீறு என்று தூண்டவும் வேண்டாம். சொல்ல விரும்பினால் கேளுங்கள், விரும்பாவிட்டால் பக்கத்தில் இருங்கள். அந்தப் படங்களை வருகிற விருந்தினருக்கு எடுத்துக் காட்டி, அவர்கள் புகைப்படம் பிடிக்க விடுவது மட்டும் கூடவே கூடாது. நம்மைப் போன்ற நிறுவனங்கள் இந்த விடயத்தில் சுத்தமான கையோடு இருந்தோம் என்று சொல்ல மாட்டேன்.

"புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படம் கீறுறது வருமோ?" என்று தாய்மார் கேட்பார்கள். வராது. ஆனால் ஐந்தாந் தரத்து வினாத்தாளை விளங்கி வாசிக்க முடியாமல் திணறும் பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். அவர்களில் பலர் எழுத்துக்களை எல்லாம் அறிந்தவர்கள். அ தொடக்கம் ன வரை ஒப்புவிப்பார்கள். ஒரு வசனத்தை வாசித்து அதிலே ஒரு காட்சியைக் காணும் பழக்கம்தான் இல்லை. அந்தப் பழக்கம் முதலாந் தரத்திலே, படத்தோடு வர வேண்டியது.

இறுதியாக ஒரு நடைமுறைக் குறிப்பு. பிள்ளை செய்யும் புத்தகம் ஒவ்வொன்றையும் இரண்டு பிரதிகளாகச் செய்யுங்கள். கொமேனியஸுக்கு லெஷ்னோவில் நடந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. ஒன்றை வகுப்பில் கயிறு கட்டித் தொங்கவிடலாம். மற்றதை, காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் இருக்கிற பைக்குள் வையுங்கள். வைப்பதற்கு முன் மழை நனைக்காதபடி பொலித்தீனில் சுற்றிவிடுங்கள்.