விலகலும் விலக்கலும்

'விலகினான்' என்பது தன்வினை. 'விலக்கினான்' என்பது பிறவினை. இவ்விரண்டையும் வேறுபடுத்துவது ககர ஒற்று ஒன்றே. ஏட்டில் இது சிறு வேற்றுமை. வாழ்க்கையிலோ ஒரு குடும்பத்தின் உணவே இதனைப் பொறுத்துள்ளது. "இராஜிநாமாச் செய்தார்" என்று அலுவலகக் குறிப்பில் எழுதப்பட்ட ஒருவர் தாமே விலகினாரா, பிறரால் விலக்கப்பட்டாரா என்னும் வழக்குகள் நீதிமன்றங்களில் மிகப் பல. அவை ஆராயப்படும் முறையை ஈண்டுச் சிறிது விளக்கப் புகுவாம்.

ஊழியரை நீக்க விரும்பும் முதலாளி அவருடைய கையெழுத்தையே நாடுவது ஏன்? நீக்குவதெனின் காரணங் காட்டல் வேண்டும். குற்றஞ் சாட்டுவதெனின் விசாரணை வேண்டும். அன்றியும், 1953-ஆம் ஆண்டில் இந்தியத் தொழில் தகராறுச் சட்டத்திற் சேர்க்கப்பட்ட விதியொன்று, ஓராண்டு இடையறாது உழைத்த தொழிலாளியை ஆட்குறைப்புச் செய்யுங்கால், ஒரு மாத முன்னறிவிப்பேனும் அதற்கீடான சம்பளமேனும் தருவதோடு, உழைத்த ஆண்டொன்றுக்கு 15 நாட் சராசரி ஊதியமும் அளித்தல் வேண்டுமென வகுத்தது. தாமாக விலகுவோர்க்கு இவ்வீடு இல்லை. ஆகவே, இரண்டு வரியில் ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொள்ளுதல் முதலாளிக்கு எளிதாகவும் மலிவாகவும் தோன்றுகின்றது.

சட்டமோ கையெழுத்தை மட்டும் நோக்குவதன்று. பலவந்தத்தாலும், தகாத செல்வாக்காலும், வஞ்சனையாலும் பெற்ற சம்மதம் சுயேச்சையான சம்மதம் ஆகாது என்பது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் கொள்கை. இராஜிநாமாவையும் நீதிமன்றங்கள் இக்கண் கொண்டே நோக்குகின்றன. ஆயினும், "வற்புறுத்தப்பட்டேன்" என்று கூறுவோரே அதனை நிறுவுதல் வேண்டும். கடிதத்தின் வாசகம் யாருடையது? எண்ணிப் பார்க்கவும் பிறரைக் கலந்துகொள்ளவும் பொழுது தரப்பட்டதா? பலர் கடிதங்களும் ஒரே வாசகமாய் உள்ளனவா? கையெழுத்திட்டவர் உடனே மறுப்புத் தெரிவித்தாரா, அன்றிச் சேரவேண்டிய தொகையைப் பேசாது பெற்றுக்கொண்டு பன்மாதம் கழிந்தபின் முறையிட்டாரா? இவையெல்லாம் சீர்தூக்கப்படும். வேறிடத்து நல்ல வேலை கிட்டுமென நம்பி விலகி, அது கைகூடாமையாற் பின்னர் இரங்குபவர் வற்புறுத்தப்பட்டவர் ஆகார். வருத்தம் வேறு, வற்புறுத்தல் வேறு.

இனி, மத்தியப் பிரதேசத்து வழக்கொன்றைக் காண்போம். 2014-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், குவாலியரிற் பணிபுரிந்த கூடுதல் மாவட்ட நீதிபதியாகிய பெண்மணி ஒருவர், தொலைவிலுள்ள சீதி என்னும் ஊருக்கு மாற்றப்பட்டார். அவருடைய மகள் அப்பொழுது 12-ஆம் வகுப்பிற் பயின்று வந்தாள். மகளின் படிப்பு முடியும்வரை பொறுக்குமாறு அவர் வேண்டினார்; அதற்கு இசைவு கிட்டாமையால், அவள் கல்விக்கு வசதியுள்ள வேறோர் ஊரேனும் தருமாறு வேண்டினார். இரண்டு விண்ணப்பங்களும் மறுக்கப்படவே, ஜூலை 15-ஆம் நாள் இராஜிநாமாச் செய்தார். பிற்காலத்தில் இவ்வழக்கை ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், அஃது உளமுவந்து செய்த விலகல் அன்றென 2022-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் தீர்ப்பளித்து, அவரை மீண்டும் பணியில் அமர்த்தப் பணித்தது. இடைக்காலத்துச் சம்பளம் மட்டும் கிடைக்கவில்லை, பணித்தொடர்ச்சி அளிக்கப்பட்டது.

இவ்வழக்கில் ஒருவரும் அவர் கையைப் பிடித்து எழுதுவித்தாரல்லர். தாயின் கடமை ஒருபுறமும் பதவியின் கடமை மறுபுறமும் இழுக்க, வேறு வழியெல்லாம் அடைபட்டபின் எழுதிய கடிதம் அது. வாய்திறந்து மிரட்டாமலும் ஒருவரை வற்புறுத்தல் கூடும் என்பதை இதனால் அறிகின்றோம். கடினமான இடமாற்றம் ஒவ்வொன்றும் வற்புறுத்தலாகிவிடும் என்பது இதன் பொருளன்று. விலகாமல் இருத்தற்கு உண்மையில் ஒரு வழி இருந்ததா என்பதே வினா.

பிற்காலத்து ஒரு நாளைக் குறித்து எழுதிய விலகற் கடிதத்தை, அந்நாள் வருமுன் திரும்பப் பெறலாம் என்பது, உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் பதவியைப் பற்றி 1978-இல் உச்ச நீதிமன்றம் உரைத்த முடிபு. வேறு விதியோ ஒப்பந்தமோ தடுக்காதவழி, பிற ஊழியர்க்கும் இது பொருந்துமென்பர். எனவே, கலங்கிய உள்ளத்தோடு கடிதம் எழுத நேரின், மறுப்பையும் தாமதமின்றி எழுத்தில் தெரிவித்தல் நலம்.

நம்மிற் பலர் விரைவில் உத்தியோகம் ஏற்கவுள்ளோம். சிலர் பிறரை ஏவும் நிலையையும் எய்துவோம். அந்நிலையில் ஓர் ஊழியர்முன் தாளை நீட்டுமுன், "இவர் மறுத்தற்கு வழியுண்டா?" என்று நம்மை நாமே வினவிக்கொள்வோமாக. வழியில்லையெனின், அக்கையெழுத்தை வாங்காது விடுதலே அறமாகும்.