விமானியாக விரும்புவோரின் தேகமும் வயதும்

ராஜகீழ்ப்பாக்கத்து ஆகாயம்

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி செல்லும் சாலையில் சேலையூரைக் கடந்ததும் வரும் ராஜகீழ்ப்பாக்கத்தில், காலை வேளையில் மொட்டை மாடியில் துணி உலர்த்துகிறவர்கள், தலைக்கு மேலே வட்டமிடுவது பயிற்சி விமானமா, மீனம்பாக்கத்தில் இறங்கப் போகும் பிரயாணிகள் விமானமா என்பதை அண்ணாந்து பாராமலே ஓசையைக் கொண்டே சொல்லிவிடுவார்கள். அருகிலுள்ள தாம்பரம் விமானப்படை நிலையத்தில், விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களையே உருவாக்குகின்ற பள்ளியொன்று 1954-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. இப்படிப்பட்ட ஆகாயத்தின் கீழே வளரும் பிள்ளைகளில் சிலருக்குத் தாமும் விமானி ஆக வேண்டும் என்ற ஆசை பிறப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆச்சரியமெல்லாம், அந்த ஆசைக்காகக் கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் டியூஷன் ஏற்பாடு செய்கின்ற பெற்றோர், தேகப் பரீட்சையைப் பற்றிய சிந்தனையை மட்டும் எல்லாவற்றுக்கும் கடைசியில் வைத்துக்கொள்வதில்தான். பரீட்சையில் தவறினால் ஆறு மாதத்தில் மறுபடி எழுதலாம். தேகத்தின் விஷயத்திலோ, செய்ய வேண்டிய காரியத்தையே தவறான வயதில் செய்துவிட்டால் பிறகு திருத்த வழியில்லை.

வயதைக் கணக்கிடும் நாள்

பட்டதாரிகள் பெரும்பாலும் நுழைவது, ஆஃப்கேட் என்று பிள்ளைகள் சொல்லும் விமானப்படைப் பொதுச் சேர்க்கைத் தேர்வின் வழியாகத்தான். விமானம் ஓட்டும் பிரிவுக்கு வயது இருபதிலிருந்து இருபத்துநான்கு வரை. இதைப் படிக்கிறவர்கள், இருபத்துநான்காவது பிறந்தநாள் வரையில் விண்ணப்பிக்கலாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் வயது கணக்கிடப்படுவது விண்ணப்பிக்கும் நாளில் அன்று, பயிற்சி தொடங்கும் நாளில். விண்ணப்பம் டிசம்பர் வாக்கில் ஒரு தடவையும் ஜூன் வாக்கில் ஒரு தடவையும் கோரப்பட்டு, எழுத்துத் தேர்வு, மைசூரு போன்ற இடங்களில் நடக்கும் தேர்வு வாரிய நேர்காணல், மருத்துவப் பரிசோதனை ஆகிய எல்லாம் முடிந்து, ஹைதராபாத்துக்கு அருகிலுள்ள துண்டிகல் அகாடமியில் வகுப்பு தொடங்குவதற்குள் ஏறக்குறைய ஒரு வருஷம் கழிந்துவிடுகிறது.

2004-ஆம் ஆண்டு மே மாதம் பிறந்த ஒரு பெண்ணை உதாரணமாகக் கொள்வோம். 2028 ஜூலையில் தொடங்கும் வகுப்புக்குள் அவளுக்கு இருபத்துநான்கு நிரம்பிவிடுவதால், அவளுக்குக் கடைசி வாய்ப்பு 2028 ஜனவரி வகுப்பே. வழக்கமான முறைப்படி அதற்கு விண்ணப்பம் கோரப்படுவது 2026 டிசம்பரில். அதாவது, இருபத்துநான்கு என்று எழுதியிருக்கும் எல்லை, அவளைப் பொறுத்தவரை, இருபத்திரண்டரை வயதிலேயே வந்து நின்றுவிடுகிறது. வர்த்தக விமானி உரிமம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இந்த எல்லை இருபத்தாறு வரை தளர்த்தப்படுகிறது.

கண்ணாடியும் லேசரும்

தேகப் பரீட்சையில் மிகுதியானவர்களைத் திருப்பி அனுப்புவது கண். கிட்டப்பார்வைக் குறை இருந்தால் விமானம் ஓட்டும் பிரிவில் இடமில்லை. தூரப்பார்வைக் குறைக்கு ஓரளவு சலுகை உண்டு. லேசர் சிகிச்சையால் குறையைப் போக்கிக்கொண்டவர்களை முற்காலத்தில் ஏற்காத விமானப்படை, இப்போது ஆஃப்கேட் வழியாக வருவோரைச் சில நிபந்தனைகளோடு ஏற்கிறது. அந்த நிபந்தனைகளை நிதானமாகப் படிக்க வேண்டும். சிகிச்சை இருபது வயதுக்கு முன்பு செய்யப்பட்டிருக்கக் கூடாது. செய்து பன்னிரண்டு மாதமாவது சிக்கலின்றிக் கழிந்திருக்க வேண்டும். சிகிச்சைக்குப் பிறகு கருவிழியின் கனம் 450 மைக்ரானுக்குக் குறையக் கூடாது. சிகிச்சைக்கு முன்பிருந்த பவர் ஆறுக்கு மேல் போயிருக்கக் கூடாது.

இந்த முதல் நிபந்தனையில்தான் நம் குடும்பங்கள் இடறி விழுகின்றன. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து கல்லூரி திறப்பதற்கு முன்னால் இரண்டு மாதம் ஓய்வு கிடைக்கிறது. "லீவுலேயே லேசர் பண்ணிட்டா காலேஜுக்குக் கண்ணாடி இல்லாம போகலாமே டாக்டர்" என்று தாயார் கேட்கிறார். பிள்ளைக்குப் பதினெட்டு நிரம்பியிருந்து, பவரும் நிலைத்திருந்தால், பெரும்பாலான உத்தியோகங்களுக்கு அது பாதகமில்லை என்பதால் வைத்தியரும் மறுப்பதில்லை. பிள்ளையின் மனத்தில் விமானப்படை இருக்கிறது என்பதை அவரிடம் ஒருவரும் சொல்வதில்லை. நல்ல எண்ணத்தோடு, நல்ல செலவில், நல்ல கைகளால் செய்யப்பட்ட அந்தச் சிகிச்சையே அப்பிள்ளைக்கு விமானப்படையின் கதவைச் சாத்திவிடுகிறது.

இருபதுக்கு முன்பு ஏன் கூடாது என்பதற்குக் காரணம் எளிது. கிட்டப்பார்வை என்பது பெரும்பாலும் விழி முன்பின்னாக நீண்டுபோவதால் வருவது. வளரும் பருவத்தில் விழியும் நீண்டுகொண்டே போகலாம்; லேசர் கருவிழியின் வளைவைத்தான் செதுக்குகிறதேயன்றி, விழியின் நீளத்தைக் குறைப்பதில்லை. ஆகையால் குறை திரும்பி வர இடமுண்டு. நீண்ட விழியில் விழித்திரை மெலிந்திருக்கும் என்பதால், அந்த நீளத்துக்கும் விமானப்படை ஒரு வரம்பு வைத்து அளந்து பார்க்கிறது. பார்வைப் பலகையின் கடைசி வரியைத் தடுமாறாமல் படிக்கிறவர்களும் இந்த அளவில் தவறுவதுண்டு.

மேலே சொன்ன பெண்ணுக்குக் கிட்டப்பார்வை இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அவள் சிகிச்சை செய்துகொள்ளக்கூடிய முதல் காலம் 2024 மே. கடைசி வகுப்புக்கான மருத்துவப் பரிசோதனை 2027-இன் நடுவில் வரும் என்று கொண்டால், பன்னிரண்டு மாதம் கழிய வேண்டியிருப்பதால், 2026-இன் நடுவுக்குள் சிகிச்சை முடிந்திருக்க வேண்டும். இரண்டு வருஷந்தான் அவளுக்குரிய காலம். அதிலும் பவர் மாறாமல் நிலைத்திருக்க வேண்டும். பதினாறரை முதல் பத்தொன்பதரை வயது வரையிலானோர் சேரும் தேசியப் பாதுகாப்பு அகாடமியில் விமானி ஆக விரும்பும் பிள்ளைகளுக்கு இந்த மார்க்கமே கிடையாது. அங்கே லேசர் ஏற்கப்படுவதில்லை, வயதும் இடங்கொடுப்பதில்லை. அவர்களுக்குள்ள ஒரே உபாயம் குறை வராமல் காத்துக்கொள்வது. நாள்தோறும் வெயில் வெளிச்சத்தில் வெளியே விளையாடும் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை குறைவாகத் தொடங்குகிறது என்பது ஆராய்ச்சிகளில் தெளிவாகியிருக்கிறது. மைதானங்கள் யாவும் அடுக்ககங்களாகிவிட்ட நம் பகுதியில், ஏரிக்கரையிலாவது மாலையில் ஒரு மணி நேரம் ஓடவிடுவது நலம்.

நிறப்பார்வைக் குறை இவற்றினின்றும் வேறானது. பிறவியிலேயே வருவது, சிகிச்சையில்லாதது, ஆண்களில் நூற்றுக்கு எட்டுப் பேர் வரையில் இருப்பது. புள்ளிகளுக்கிடையே எண்களை ஒளித்து வைத்த இஷிஹாரா புத்தகத்தைக் கண் மருத்துவமனையில் ஐந்து நிமிஷம் புரட்டினால் தெரிந்துவிடும். ஒன்பதாம் வகுப்பிலேயே இதைச் செய்துவிடலாம்.

முதுகெலும்பும் தொடையும்

உயரம் குறைந்தது 162.5 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். தொடை 64 சென்டிமீட்டருக்கு மேல் நீளமாக இருக்கக் கூடாது என்பது பலருக்குத் தெரியாது. ஆபத்துக் காலத்தில் விமானி ஆசனத்தோடு வெளியே எறியப்படும்போது முழங்கால் முன்பலகையில் மோதாமல் தப்ப வேண்டும் என்பதே இதன் தாத்பரியம். அந்த எறிதலில் முதுகெலும்பு தாங்கும் பாரம் பெரிதாகையால், முதுகுவலியே அறியாத வாலிபனுக்கும் முதுகெலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள். காது, மூக்கைப் பார்ப்பதும் இவ்வாறே: காற்றழுத்தம் சடுதியில் மாறும்போது, அடைத்த மூக்கு செவிப்பறையைப் புண்ணாக்கிவிடும்.

குடலிறக்கம் முதலியவற்றுக்கு அறுவை சிகிச்சை செய்தவர்கள், குறிப்பிட்ட வாரங்களோ மாதங்களோ கழிந்த பின்பே தகுதி பெறுவார்கள். ஆகவே அறுவை சிகிச்சைக்கும் நேர்காணலுக்கும் இடையிலான தூரத்தை முன்கூட்டியே அளந்துகொள்ள வேண்டும். காதுக் குறும்பியை எடுப்பதும், சொத்தைப் பல்லை அடைப்பதும் ஒரு வாரத்து வேலை. கடைசி வாரத்தில் பட்டினி கிடந்து எடையைக் குறைக்கிறவர்கள் தளர்ந்த தேகத்தோடும் படபடக்கும் நாடியோடும் போய் நிற்கிறார்கள். எடையைக் குறைக்க நாலைந்து மாதமாவது ஒதுக்குவதே முறை.

இழுப்பு, வலிப்பு ஆகியவற்றை மறைத்துவிடலாம் என்று யோசனை சொல்லும் உறவினர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஐந்து வயதுக்குள் காய்ச்சலோடு வந்த வலிப்பை விதிகளே பாதகமாகக் கொள்வதில்லை. ஆகவே அதை மறைக்க அவசியமில்லை. மற்றவற்றை மறைப்பவன், ஒற்றை ஆளாக ஆகாயத்தில் இருக்கும்போது அதைச் சந்திக்க வேண்டியிருக்கும்.

ஒரே முறை

விமானம் ஓட்டும் இயல்புத் திறனை அறிய, நேர்காணலுக்குப் போகுமிடத்தில் கணினியில் நடத்தப்படும் பரீட்சையை ஒருவர் ஆயுளில் ஒரே முறைதான் எழுத முடியும். சும்மா போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று இருபது வயதில் தூக்கமில்லாமல் இரயிலேறிப் போய் அதை எழுதித் தோற்றவருக்கு, இருபத்துமூன்றில் கண்ணும் தேகமும் செம்மையாக இருந்தாலும் பயனில்லை. கண்ணில் சிகிச்சை பாக்கியிருப்பவர்கள் அது முடியும் வரையில் நேர்காணலை நாடாதிருப்பதே நலம் என்பது என் அபிப்பிராயம்.

எல்லையைக் கடந்தவர்கள்

வயது கடந்தவர்களுக்கும், லேசரை முன்னதாகவே செய்துகொண்டவர்களுக்கும் சிவில் விமானத்துறை இருக்கிறது. அங்கே கண்ணாடி போட்டுக்கொண்டு சரியாகப் பார்க்க முடிந்தால் போதுமானது. விமான நிறுவனங்களில் அறுபத்தைந்து வயது வரையில் ஓட்டலாம். ஆனால் பயிற்சிக்குப் பல லட்சம் ரூபாய் செலவாகும். அந்தப் பணத்தைக் கட்டுவதற்கு முன்பே முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழைப் பெற்றுக்கொள்வது விவேகம். அதற்கான முதற் பரிசோதனையை நடத்தும் இடங்களில் விமானப்படையின் பெங்களூரு, தில்லி மருத்துவ நிலையங்களும் அடக்கம்.