ஸ்பானியச் சொல்லும் ஆங்கிலப் பெயர்ப்பும்

மொழிபெயர்ப்பென்பது ஒரு மொழிச் சொல்லை எடுத்துவிட்டு அவ்விடத்தில் மற்றொரு மொழிச் சொல்லை வைத்தலே என எண்ணுவோர் பலர். சுவரிலிருந்து ஒரு கல்லைப் பெயர்த்து, அதே அளவினதாகிய வேறொரு கல்லைப் பொருத்துவது போன்றது அது என்பது அவர் கருத்து. கல்லின் நீளமும் அகலமும் அளக்கத் தக்கவை. சொல்லின் நீளமும் அகலமுமோ அதனை வழங்கும் மக்களின் வாழ்க்கையில் உள்ளன. தொல்காப்பியர் மரபியலில் வழிநூலை நால்வகைப்படுத்தி, மொழிபெயர்ப்பையும் அவற்றுள் ஒன்றாக வைத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. மொழிபெயர்ப்பாளனையும் நூல் செய்வோருள் ஒருவனாகவே நம் முன்னோர் மதித்தனர்.

இக்கட்டுரையில், ஸ்பானிய மொழிச் சொற்களும் தொடர்களும் ஆங்கிலத்திற் பெயர்க்கப்படுங்கால் நிகழ்வனவற்றைச் சில எடுத்துக்காட்டுகளால் விளக்க முயல்வேன். தமிழ் படிப்பிக்கும் ஒருவனுக்கு இவ்விரு மொழிகளின் கொடுக்கல் வாங்கலில் என்ன வேலை என்று வினவுவார்க்கு விடையுண்டு. ஸ்பானியம் ஏறக்குறைய 50 கோடி மக்களின் தாய்மொழி. ஸ்பெயினில் மட்டுமன்றி, மெக்சிக்கோ முதல் ஆர்ஜென்ரீனா வரை பல நாடுகளில் ஆட்சிமொழி. அம்மொழியில் எழுந்த சிறந்த நூல்களை நம்மவர் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வாயிலாகவே படிக்கின்றனர். ஆகவே அவ்வாயிலைக் கடந்து வருவது எது, கடவாது நின்றுவிடுவது எது என்று அறிதல் நமக்கும் வேண்டற்பாலதாகும்.

ஸ்பானியம் நமக்கு முற்றிலும் அயலானதன்று. 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட போர்த்துக்கேயரின் மொழியும் ஸ்பானியமும் இலத்தீன் ஈன்ற உடன்பிறப்புக்கள். போர்த்துக்கேயர் நம்மிடையே விட்டுச் சென்ற மேசை, அலுமாரி, சப்பாத்து என்னும் சொற்களுக்கு நிகரான ஸ்பானியச் சொற்கள் மேசா, அர்மாரியோ, சபாத்தோ என்பன. தெரிந்த முகத்தைக் கண்டாற்போல நமக்கு இவை மகிழ்ச்சி தருகின்றன. ஆனால் முகம் ஒத்திருப்பதனால் குணமும் ஒத்திருக்கும் என்று துணிதல் கூடாது. ‘சொப்ரேமேசா’ என்னுஞ் சொல்லைக் காண்க. ‘மேசைமேல்’ என்பது அதன் பகுதிப் பொருள். போர்த்துக்கேய மொழியில் அது உணவின் முடிவில் உண்ணும் பழத்தையும் இனிப்பையும் குறிக்கும். ஸ்பானியத்திலோ, உண்டு முடித்த பின்னும் மேசையை விட்டெழாது வீட்டாரும் விருந்தினரும் அளவளாவியிருக்கும் பொழுதையே பெரும்பாலும் குறிக்கும். ஆங்கிலத்தில் இதற்குத் தனிச்சொல் இல்லை. பெயர்ப்போன் ஒரு வாக்கியமே எழுதவேண்டும்.

உடன்பிறந்த மொழிகளிலேயே இந்நிலை எனின், ஸ்பானியத்துக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே என்னாகும்? ஆங்கிலம் வேறு குடியைச் சேர்ந்ததாயினும் இலத்தீன் சொற்களை ஆயிரக்கணக்கில் ஏற்றுக்கொண்ட மொழி. ஆதலின் இரு மொழிகளிலும் உருவொத்த சொற்கள் மிகப் பல. அவற்றுட் சில உருவால் உறவும் பொருளாற் பகையும் உடையவை. ‘எம்பாராசாதா’ என்று ஒரு பெண் தன்னைக் கூறினால், அவள் ஆங்கிலத்து ‘எம்பரஸ்ட்’ போல நாணமுற்றாள் என்பதன்று. கருவுற்றிருக்கிறாள் என்பதே பொருள். ‘கொன்ஸ்திபாதோ’ என்பவனுக்குத் தடிமன் பிடித்திருக்கிறது. ஆங்கிலத்து ‘கொன்ஸ்ரிபேற்றட்’ என்பதுபோல மலச்சிக்கல் அன்று. ‘எக்ஸித்தோ’ என்பது ஆங்கிலத்தில் வெளிவாயிலைக் குறிக்கும் ‘எக்சிற்’ போலத் தோன்றும். அதன் பொருள் வெற்றி. ‘சுசேசோ’ என்பது ஆங்கிலத்தில் வெற்றியைக் குறிக்கும் ‘சக்சஸ்’ போலத் தோன்றும். அதன் பொருள் நிகழ்ச்சி. வெற்றியெனத் தோன்றுவது வெற்றியன்று. அவ்வாறு தோன்றாததே வெற்றி.

இவை வகுப்பறையில் நகைப்பை விளைப்பன. எனினும் இத்தகைய சொல்லொன்று ஓர் இளைஞனின் வாழ்வையே மாற்றிய வரலாறும் உண்டு. 1980ஆம் ஆண்டில், ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், கியூபாவிலிருந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்த 18 வயது இளைஞன் ஒருவன் நினைவிழந்த நிலையில் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டான். அவன் ‘இந்தொக்ஸிகாதோ’ ஆகிவிட்டான் என்று வீட்டார் கூறினர். உண்ட உணவோ பருகிய பொருளோ ஒவ்வாமையால் உடல் கெட்டுவிட்டது என்பதே கியூப வழக்கில் அச்சொல்லின் பொருள். ஆங்கிலத்து ‘இன்ரொக்சிக்கேற்றட்’ என்னுஞ் சொல்லோ மதுவினாலோ போதைப்பொருளினாலோ மயங்கினவனைக் குறிப்பது. இளைஞன் போதை மருந்தை அளவுக்கு மீறி உட்கொண்டான் என்று கொண்டு வைத்தியர்கள் அதற்குரிய சிகிச்சையைத் தொடங்கினர். உண்மையில் அவன் மூளையினுள் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அது கண்டறியப்படுமுன் காலம் கடந்துவிட்டது. அவன் கைகால் நான்கின் வலுவையும் இழந்தான். பின்னர் எழுந்த வழக்கில், அவன் வாழ்நாள் முழுவதற்குமாக ஏறத்தாழ 7 கோடி 10 இலட்சம் டொலர் வரை இழப்பீடாகக் கணிக்கப்பட்டது. பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அங்கே அழைக்கப்படவில்லை. சொல் தெரிந்தது போலிருந்தமையால் ஒருவருக்கும் ஐயம் எழவில்லை. அறியாத சொல் நம்மை நிறுத்திக் கேட்கச் செய்யும். அறிந்தது போன்ற சொல்லோ கேளாமலே செல்லவிடும்.

கியூப வழக்கு என்று மேலே கூறினேன். ஸ்பானியச் சொல்லுக்குப் பொருள் காண்போன் அது எந்த நாட்டாரின் வாயிலிருந்து வந்ததென்றும் காணவேண்டும். ‘குவாகுவா’ என்பது கியூபாவில் பஸ் வண்டி. சிலி முதலிய அந்தீஸ் மலைநாடுகளிற் கைக்குழந்தை. குவாகுவாவுக்காகக் காத்துநிற்கிறேன் என்னும் பெண் தெருவோரத்தில் நிற்கிறாளா, மகப்பேற்றை எதிர்நோக்குகிறாளா என்பது அவள் பிறந்த நாட்டைப் பொறுத்தது. ‘தோர்த்தீயா’ ஸ்பெயினில் முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்த்துப் பொரிப்பது. மெக்சிக்கோவிற் சோளமாவினாற் சுடும் மெல்லிய ரொட்டி.

இனி, மரபுத் தொடர்களை நோக்குவோம். ஒருவனை ஏய்த்து விளையாடுதலை ஸ்பானியர் ‘தலைமயிரைப் பிடித்தல்’ என்பர். ஆங்கிலேயர் ‘காலை இழுத்தல்’ என்பர். நாம் ‘காதிற் பூச்சுற்றுதல்’ என்போம். உறுப்பு மாறினும் செயல் ஒன்றே. மிக்க விலையுடைய பொருளை ‘முகத்துக் கண்ணொன்றை விலையாகக் கேட்கிறது’ என்பர் ஸ்பானியர். ஆங்கிலேயருக்கு அது ஒரு கையும் ஒரு காலும். நமக்கு யானை விலை குதிரை விலை. இவற்றைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் நகைப்பே மிஞ்சும். கருத்துக்குக் கருத்துப் பெயர்த்தால் அந்நாட்டு மணம் போய்விடும். எவ்விடத்தில் எதனை இழக்கலாம் என்று துணிவதே பெயர்ப்போன் தொழில். சேர்வாந்தேஸின் ‘டொன் கிஹோத்தே’யில் வரும் பணியாளன் சான்சோ பன்சா வாய் திறந்தாற் பழமொழிகளை அடுக்குபவன். அவன் பழமொழிகளை ஆங்கிலப் பழமொழிகளாக்கினால் அவன் ஆங்கிலக் குடியானவனாகிவிடுவான். ஆக்காவிட்டால் அவன் பேச்சிற் பழமொழியின் சுவையே இராது.

பொருள் இரண்டுடைய சொல் வரும்போது இடர் இன்னும் பெரிது. ‘சுவேஞ்ஞோ’ என்பது உறக்கத்தையும் குறிக்கும், கனவையும் குறிக்கும். ஓவியர் கோயா 1799இல் வெளியிட்ட செதுக்குப் படத்தொகுதியில், மேசைமேல் தலைசாய்த்து உறங்கும் ஒருவனைச் சூழ ஆந்தைகளும் வௌவால்களும் பறக்கும் படமொன்று உண்டு. பகுத்தறிவின் ‘சுவேஞ்ஞோ’ அரக்கரைப் பிறப்பிக்கும் என்னும் பொருளுடைய தொடர் அதிற் பொறிக்கப்பட்டுள்ளது. உறக்கமெனக் கொண்டால், அறிவு கண்மூடியவுடன் தீமை எழும் என்பதாம். கனவெனக் கொண்டால், அறிவு தானே காணும் கனவுகளும் அரக்கராகும் என்பதாம். முன்னது அறிவைக் காவலாக்குகிறது. பின்னது அதனைக் குற்றவாளியாக்குகிறது. ஸ்பானியர் இரண்டையும் ஒருங்கே கேட்கலாம். ஆங்கிலத்திற் பெயர்ப்போன் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும்.

இதுவரை சொற்களைக் கண்டோம். இலக்கண அமைதியிலும் இவ்வேறுபாடு உண்டு. ஈண்டுத் தமிழ் மாணவனுக்கு ஒரு நன்மை காத்திருக்கிறது. ‘மே குஸ்தா’ என்னும் ஸ்பானியத் தொடரில் விரும்புகிறவன் எழுவாயல்லன்; விரும்பப்படும் பொருளே எழுவாய். நாம் ‘எனக்குப் பிடிக்கும்’ என நான்காம் வேற்றுமையிற் கூறுவது இதனோடு நன்கு ஒக்கும். ஆங்கிலேயரோ ‘நான் விரும்புகிறேன்’ என்றே கூறுவர். இவ்வாறே கையிலிருந்த பாத்திரம் தவறி விழுந்தால் ஸ்பானியர் ‘சே மே கயோ’ என்பர். நாம் ‘கை தவறி விழுந்துவிட்டது’ என்பது போன்றது இது: விழுந்தது பாத்திரம், எனக்கு அது நேர்ந்தது. ஆங்கிலத்தில் இயல்பாக வருவது ‘நான் விழுத்தினேன்’ என்பதே. வேண்டுமென்று செய்ததா, தவறி நேர்ந்ததா என்பதை ஸ்பானியத் தொடர் தெளிவாகக் காட்டும். ஆங்கிலத் தொடர் அவ்வளவு தெளிவாகக் காட்டாது. வீட்டில் உடைந்த கிண்ணத்துக்கு இது பெரிதன்று. பொலீஸ் விசாரணையில் ஒருவர் கொடுக்கும் வாக்குமூலத்திலோ, இவ்வேறுபாடு விபத்துக்கும் குற்றத்துக்கும் இடையே நிற்பது.

முன்னிலைச் சொற்களும் அத்தகையனவே. ஸ்பானியத்தில் நெருங்கியோரைத் ‘தூ’ என்றும், மதிப்புக்குரியோரை ‘உஸ்தேத்’ என்றும் விளிப்பர். ‘உஸ்தேத்’ என்பது ‘தங்கள் அருள்’ என்னும் பொருளுடைய பழைய மரியாதைத் தொடர் தேய்ந்து அமைந்த சொல். ‘டொன் கிஹோத்தே’யின் முதற்பாகம் 1605இல் வெளியாயிற்று. அதனை ஆங்கிலத்தில் தோமஸ் ஷெல்ரன் என்பவர் பெயர்த்து 1612இல் வெளியிட்டார். அக்காலத்து ஆங்கிலத்தில் ஒருமைக்குத் ‘தௌ’ என்பதும் மரியாதைக்கு ‘யூ’ என்பதும் வழங்கினமையால், தலைவனும் பணியாளனும் பேசும் பேச்சின் ஏற்றத்தாழ்வைக் காட்ட அவருக்கு வழியிருந்தது. பின்னர்த் ‘தௌ’ பேச்சில் வழக்கொழிய, எல்லாரும் ‘யூ’ ஆயினர். ஸ்பானிய நாவலொன்றில் இருவர் ஒருவரையொருவர் ‘தூ’ என்று விளிக்கத் தொடங்கினால், அவர்களுக்கிடையே ஒரு கதவு திறந்ததென்பது பொருள். ஆங்கிலத்தில் அதனை, ‘முதற்பெயராற் கூப்பிடத் தொடங்கினர்’ என்று சுற்றிவளைத்தே கூறல் வேண்டும். நீ, நீர், நீங்கள் என மூன்று படிகளையுடைய யாழ்ப்பாணத் தமிழருக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?

ஷெல்ரனைப் பற்றி இன்னொன்று. 1885இல் அந்நூலைப் புதிதாகப் பெயர்த்த ஜோன் ஓம்ஸ்பி, முன்னவரது ஆங்கிலத்தின் அழகைப் பாராட்டியபோதும், ஒரு சொல்லுக்கு ஒரே பெயர்ப்பு எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதை அவர் கருதியதாகத் தெரியவில்லை எனக் குறைகூறினார். மொழிபெயர்க்கப் புகும் மாணவர் ஒவ்வொருவரும் மனங்கொள்ளத்தக்க குறிப்பு இது.

இறுதியாக, நம் காலத்துப் பெருநூலொன்று. கொலம்பிய எழுத்தாளர் கபிரியேல் கார்சியா மார்க்கேஸ் 1967இல் வெளியிட்ட நாவலை, கிரகரி ரபாசா ஆங்கிலத்திற் பெயர்த்து 1970இல் வெளியிட்டார். அந்நாவலின் பெயரே அவருக்கு இரு வினாக்களை எழுப்பியது. ‘சியென்’ என்பது நூறு. ஆங்கிலத்தில் ‘ஏதோ ஒரு நூறு’ போலவும் கூறலாம், ‘எண்ணிய நூறு’ என உறுதிபடவும் கூறலாம்; ரபாசா பின்னதைத் தேர்ந்தார். ‘சொலெதாத்’ என்பது தனித்திருத்தலையும் குறிக்கும், துணையின்றி வருந்துதலையும் குறிக்கும்; ஆங்கிலத்தில் இவற்றுக்கு வெவ்வேறு சொற்கள். ரபாசா முன்னதைத் தேர்ந்தார். தமிழிலோ இவ்விரு வினாக்களும் எழுவதில்லை. ‘நூறு’ என்பது நூறே. ‘தனிமை’ என்பது விரும்பிய தனிமையையும் வருத்தும் தனிமையையும் ஒருங்கே தாங்கும். அந்நாவலுக்கு ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ என்னும் தமிழ்ப்பெயர் அமைந்தபோது, ஆங்கிலம் பிரித்ததைத் தமிழ் மீண்டும் சேர்த்துக்கொண்டது.

அதனால் தமிழ் ஆங்கிலத்தினும் உயர்ந்தது என்பதன்று. ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனி வாயில்கள் உள. ஒன்றிற் புகாதது மற்றொன்றிற் புகும். தன் மொழியின் வேற்றுமையையும் முன்னிலையையும் நன்கு கற்றவனே பிறமொழியில் அவை எவ்வாறு இயங்குகின்றன என்பதைக் காண்பான். ஆதலின் பிறமொழி பயிலும் மாணவர் தமிழிலக்கணத்தைப் பரீட்சையோடு கைகழுவிவிடுதல் ஆகாது.

சிங்களமும் தமிழும் ஆட்சிமொழிகளாக உள்ள நம் நாட்டில், வைத்தியசாலையிலும் நீதிமன்றத்திலும் பொலீஸ் நிலையத்திலும் ஒருவர் கூறியதை மற்றொருவருக்குப் பிறிதொரு மொழியிற் கூறுவார் நாள்தோறும் வேண்டப்படுகின்றனர். நம் பழைய மாணவருட் கடல்கடந்து வாழ்வோர் பலர் தம் முதியோருக்கு இப்பணியையே செய்து வருகின்றனர். சொன்னவர் யார், யாரை நோக்கிச் சொன்னார், எவ்வூர் வழக்கிற் சொன்னார் என்னும் மூன்றையும் வினவாது அகராதியைத் திறத்தல் போதாது. ஐயம் எழுந்தவிடத்து, ‘நீங்கள் கூறியதன் பொருள் இதுதானா?’ என்று மீண்டும் கேட்பதற்கு நாணவும் கூடாது. புளோரிடாவில் அன்றிரவு அவ்வினாவை எவரேனும் கேட்டிருப்பின், அவ்விளைஞன் எழுந்து நடந்திருத்தல் கூடும்.